வில்லியனூர் மாதாவுக்கு அம்மாவின் நேர்த்திக்கடன்

பேத்தி ஏழாம் மாதத்திலேயே பிறந்து இன்குபேட்டரில் கிடந்தபோது அம்மா நேர்ந்துகொண்டது இது. பிள்ளை பிழைத்து நடந்தால், அவள் உயரத்துக்கு மெழுகுத்திரி ஏற்றி, வில்லியனூர் மாதா கோவிலில் மொட்டை போட வேண்டும். ஈஸ்டருக்கு அப்புறம் வரும் திருவிழாவுக்குக் கடலூரிலிருந்து எல்லோருமாகக் கிளம்பினோம். சம்பந்தியம்மாவும் வந்தார்கள். அவர்கள் மாதாவிடம் வேண்டாத கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்கள், மாதா கோவில் வாசலை மிதித்ததில்லை. பேத்திக்காக வந்தார்கள்.

பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார்கள்: "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. இயேசுகிட்ட நேரா கேக்கலாமே, நடுவுல அவங்கம்மா எதுக்கு? மத்தியஸ்தர் ஒருத்தர்தான்னு பவுல் எழுதியிருக்காரே."

அது திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம், இரண்டாம் அதிகாரம். அதை நாங்களும் முழுசாக விசுவசிக்கிறோம். ஆனால் அந்த அதிகாரம் தொடங்குவதே, எல்லோருக்காகவும் மன்றாடுங்கள் என்றுதான். பேத்தி மூச்சுக்குத் தவித்தபோது சம்பந்தியம்மாவின் சபையார் ராத்திரி முழுக்க முழங்காலில் நின்றார்கள். அந்த உதவியை நாங்கள் சாகும்வரை மறக்கமாட்டோம். அவர்கள் செய்த ஜெபம் இயேசுவுக்குப் போட்டியாகிவிடுமா? அவரைப் பெற்ற தாயிடமும் அதையே கேட்கிறோம். ஆராதனை ஆண்டவருக்கு மட்டும்தான். ஜெபமாலையில் மணிக்கு மணி 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றுதானே சொல்கிறோம்!

புதுச்சேரியில் பஸ் மாறி வில்லியனூர் போய்ச் சேருவதற்குள் பிள்ளை அழுது களைத்துவிட்டாள். இறங்கியதும் மாலை, மெழுகுத்திரி என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு ஆட்டோக்காரர் நடக்கிற தூரத்துக்குக் கேட்ட காசு அநியாயம். நேர்ச்சை செலுத்த வருகிறவர்களிடம் இப்படிப் பறிப்பது பாவம், வேறென்ன சொல்ல.

கோவில் கண்ணில் பட்டதும் அதெல்லாம் மறந்துபோனது. பிரான்ஸில் லூர்து என்ற ஊரில் 1858-இல் பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா காட்சி தந்த அதே கோலம். அது நடந்து இருபது வருஷம் ஆவதற்குள், 1877-லேயே, மாதா நம் ஊர்ப்பக்கம் வந்து அமர்ந்துவிட்டாள். லூர்து தீர்த்தம் கலந்த குளத்துத் தண்ணீரை அம்மா மொட்டைத் தலையில் தெளித்தபோது பிள்ளை சிரித்தாள். மெழுகுத்திரியைக் கூட்டத்தில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இடித்துக்கொண்டு முன்னால் போகிறவர்கள் கைக்குழந்தை இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை.

குளத்துப் படியிலேயே உட்கார்ந்து அம்மா பேச ஆரம்பித்தார்கள். செபம் எதுவும் இல்லை, மாதாவிடம் நேராகப் பேச்சுதான். பிள்ளையின் எடை, டாக்டர் சொன்னது, மகள் பட்ட பாடு, எல்லாம். அந்த நேரம் ஒலிபெருக்கியில் பூசை எழுந்தேற்ற மணி கேட்டது, இயேசுவின் உடலாக மாறிய அப்பத்தைக் குருவானவர் உயர்த்திக் காட்டும்போது அடிக்கிற மணி. அம்மாவின் பேச்சு பாதியில் நின்றது. மூட்டுவலியால் வீட்டில் ஜெபமாலைக்குக்கூட நாற்காலியில் உட்காருகிறவர்கள், பீடம் இருக்கும் பக்கம் திரும்பி, அந்தக் கருங்கல் படியிலேயே முழங்காலிட்டார்கள். கண்ணீர் கொட்ட, "என் ஆண்டவரே, என் தேவனே" என்றார்கள். அதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

மாதாவைவிட்டு அம்மா திரும்பியதில் மாதாவுக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது. கானாவூர்க் கல்யாணத்தில் "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்று சொன்னவள்தானே. நற்செய்தியில் அவள் கடைசியாகப் பேசியதாக இருப்பதும் அதுதான். லூர்துவிலும் நோயாளிகளை ஆசீர்வதிப்பது, அந்த அப்பத்தை ஏந்திப் போகும் நற்கருணைப் பவனியில்தான்.

சம்பந்தியம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் தாங்களும் முழங்காலிட்டு, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு மாதாமேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்லவில்லை. அன்றைக்கு அந்தப் படியில் நாங்கள் எல்லோரும் ஒரே ஆண்டவருக்குத்தான் நன்றி சொன்னோம்.

ஆண்டவரே, எங்கள் பிள்ளையைத் திருப்பித் தந்தீர், உமக்குக் கோடி நன்றி. தாயே, அந்த இன்குபேட்டர் வாசலில் எங்களோடு நின்றீர்கள், உங்களுக்கும் நன்றி. இன்றைக்கும் அதே வாசலில் காத்திருக்கிற தாய்மார்களுக்காக உங்கள் மகனிடம் பேசுங்கள். மரியே வாழ்க!