ரோந்தைக் கூட்டினால் குற்றம் குறையுமா?
திருட்டு கூடினால் "ரோந்தைக் கூட்டுங்கள்" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி போலீஸ் 1972-73இல் இதைச் சோதித்தே பார்த்தது: 15 ரோந்துப் பகுதிகளில் ஐந்தில் வழக்கம்போல, இன்னும் ஐந்தில் வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு ரோந்து, மீதி ஐந்தில் அழைப்பு வந்தால் மட்டும் போவது என்று ஒரு வருடம் ஓட்டினார்கள், கடைசியில் குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லும்படி வித்தியாசமே இல்லை. அப்போ போலீஸ் வேண்டாமா? அப்படியில்லை, எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் இன்னொரு நகரமான மினியாபொலிஸில் குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மன் குழு, போலீஸுக்கு வந்த அழைப்புகளை முகவரி வாரியாகப் பிரித்தபோது, பாதி வெறும் 3 சதவீத இடங்களிலிருந்து வந்திருந்தது. அந்த மாதிரி முனைகளில் போலீஸ் அடிக்கடி போய் நின்றதும் குற்ற அழைப்புகள் குறைந்தன. அதுவும் நாள் முழுக்க வேண்டாம், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றாலே நல்ல பலன் என்று அப்புறம் தெரிந்தது. ஆள் பற்றாக்குறை உள்ள எந்த ஊர் போலீஸும் இந்தக் கணக்கை முதலில் போட்டே ஆக வேண்டும் என்பேன்.