இறக்கப்பட்ட தட்டு

இன்று காலை பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சித் தட்டைக் கழற்றி இறக்கினார்கள்.

அதன் தாங்கியிலிருந்து வடிந்த துருக்கறை மட்டும் சுவரில் நீண்ட கோடாக நிற்கிறது.

1996 ஜனவரியில் மீசாட்-1 செயற்கைக்கோள் விண்ணேறி, அதே ஆண்டில் மலேசியாவில் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பைத் தொடங்கியபோது, மாதந்தோறும் பணம் கட்டியா தொலைக்காட்சி பார்ப்பது என்று கேட்டவர்களே, அரசுத் தொலைக்காட்சியில் சில வேளைகளில் மட்டும் கிடைத்த தமிழ், ஆஸ்ட்ரோவின் வானவில் அலைவரிசையில் ஓயாமல் ஒலிப்பதைக் கேட்டுத் தோட்டப்புற வீடுகளிலும் தட்டைப் பொருத்தினார்கள்.

அந்தச் சேவை வளர்ந்ததற்கு அலைவரிசைகளின் எண்ணிக்கையைவிட இந்த மொழிப்பசியே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

கனமழையின் நீர்த்துளிகள் செயற்கைக்கோள் சமிக்ஞையை விழுங்கிவிடும் என்பதால், மழை வந்தாலே எங்கள் வீட்டில் வானவில் மறைந்துவிடும்.

இன்று மாலையும் மழை பெய்தது. இணையத்தில் ஓடிய படம் நிற்கவில்லை.