சோனன்பெர்க் பங்கரைப் பார்க்கப் போனபோது

சுவிஸுக்கு அகதியாக வந்த எங்களில் பலருக்கு இந்த நாட்டின் முதல் வீடு நிலத்துக்குக் கீழேதான். என்னையும் ஒரு சிவில் பாதுகாப்புப் பங்கரில்தான் தங்க வைத்தார்கள். ஜன்னல் கிடையாது, அடுக்குக் கட்டில், இரவு முழுக்கக் காற்று இயந்திரத்தின் இரைச்சல். நித்திரை வராமல் கிடந்தாலும் எனக்குள் ஒரு மரியாதை இருந்தது. சண்டையே இல்லாத நாடு தன் சனத்துக்காக இவ்வளவு யோசித்து வைத்திருக்கிறதே என்று.

அந்த மரியாதையோடுதான் லுசேர்னில் உள்ள சோனன்பெர்க்குக்குப் போனேன். 1976இல் திறந்த நெடுஞ்சாலைச் சுரங்கம் அது. போர் வந்தால் இரண்டு சுரங்கப் பாதைகளையும் மூடி, 20,000 பேரை உள்ளே வைப்பது திட்டம். மலைக்குள்ளே ஒரு நகரத்தைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்திருந்தேன். பார்க்க விட்டது சுரங்கத்தோடு சேர்ந்த ஏழு மாடிக் குகையை மட்டும். சத்திரசிகிச்சை அறை, கட்டளை அறை, சிறைக் கூண்டுகள் எல்லாம் இருந்தன. சனம் படுக்க வேண்டிய இடத்தில் கார்கள் ஓடுகின்றன.

1987இல் நடந்த ஒத்திகையைப் பற்றிக் கேட்டபோதுதான் மனம் விழுந்தது. நாட்கணக்காகப் பாடுபட்டும் கட்டில்களைக் கொண்டுவந்து பொருத்துவதே பெரும் இழுபறியாகிவிட்டது. கதவு ஒவ்வொன்றும் ஒன்றரை மீற்றர் தடிப்பு, 350 தொன் எடை. அப்படி நான்கு கதவுகள், அதில் ஒன்று சரியாக மூடவில்லை. பிறகு 2006இல் சாலைப் பகுதியைக் கைவிட்டு, குகையை மட்டும் 2,000 பேருக்கென்று வைத்துக்கொண்டார்கள்.

இலங்கையில், வன்னியில் எங்கள் வளவில் அப்பா வெட்டிய பங்கர் குசினி வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மேலே பனங்குத்தி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடியிருந்தார். மாரியில் தண்ணி நிற்கும், பாம்பும் வரும். ஷெல் நேரே விழுந்தால் அதுவே புதைகுழி. அதை நல்ல பங்கர் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் குண்டு போட வரும் கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டதும் அம்மம்மாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்க எங்களால் முடிந்தது. எங்கே வெட்டுவது என்று அப்பா முடிவெடுத்ததே அவவின் நடையைப் பார்த்துத்தான். சோனன்பெர்க்கில் கொங்கிரீட்டுக்குக் கணக்குப் பார்த்த அளவுக்கு, தடியூன்றி வரும் ஒரு கிழவிக்குக் கணக்குப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. 20,000 பேர் ஒரே மலைக்கு எப்படி வந்து சேர்வது?

இந்த நாட்டுப் பங்கர்கள் எல்லாமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீடுகளுக்கு அடியில் கட்டப்பட்ட சின்னப் பங்கர்கள்தான் உண்மையான பலம். பொதுப் பங்கர்களையும் சேர்த்தால் நாட்டின் சனத்தொகையைவிடக் கூடுதலான பேருக்கு இடம் இருக்கிறது. எங்கள் கட்டடத்தின் கெல்லரிலும், அதாவது நிலக்கீழ் அறைப் பகுதியிலும், ஒன்று உண்டு: தடித்த கொங்கிரீட் கதவு, வடிகட்டி, மின்சாரம் நின்றால் கையால் சுழற்றும் காற்று இயந்திரம். ஆனால் உள்ளே ஸ்கீ, பழைய சோபா, எங்கள் அரிசி மூட்டைகள், கலியாண வீட்டுக் கிடாரங்கள். சாமான் வைக்க அனுமதி உண்டு, தேவை வந்தால் ஐந்து நாளுக்குள் ஒதுக்கிவிட வேண்டும். ஐந்து நாள் அவகாசம் தந்துவிட்டு வரும் குண்டை எங்கள் ஆட்கள் யாரும் கண்டதில்லை.

2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் இங்குள்ளவர்களும் தங்கள் பங்கர் எங்கே என்று தேடத் தொடங்கினார்கள். சோனன்பெர்க் போய் வந்தபிறகு எங்கள் கட்டடக் கூட்டத்தில் நான் எழும்பிப் பேசினேன். பங்கருக்குப் போகும் வழியில் நிற்கும் சைக்கிள்களை எடுக்க வேண்டும், காற்று இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்ற எல்லோரும் பழக வேண்டும் என்றேன். இரண்டுக்கும் ஓம் என்றார்கள், சைக்கிள்களை எடுத்தும் விட்டார்கள். நாலாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவை, லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் யார் இறக்குவது என்றும் கேட்டேன். என் மகனும் நானும் ஒரு பக்கம் பிடிப்போம். மறுபக்கத்துக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும்.