சர்நேம் காலியாக இருக்கிறதா? ஜெர்மனிக்கு முன் சேலத்தில் முடிக்க வேண்டியவை

பாஸ்போர்ட்டை எடுத்து, சர்நேம் என்ற வரி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, எஸ்ஓபி என்கிற நோக்கக் கடிதம் எல்லாம் அப்புறம். ஏஜென்ட் இல்லாமல் ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக மாஸ்டர்ஸ் அப்ளை செய்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் மார்க்கில் தடுக்கி விழுவதைவிட இனிஷியலில் தடுக்கி விழுவதுதான் அதிகம்.

அப்பா முருகேசன், பையன் கண்ணன் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றில் ‘கண்ணன் எம்’. டிகிரியில் ‘எம். கண்ணன்’. பாஸ்போர்ட்டில் கிவன் நேம் ‘கண்ணன் முருகேசன்’, சர்நேம் காலி. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். ஆன்லைன் ஃபாரமோ சர்நேம் கட்டாயம் என்று சிவப்பில் காட்டும். ஒரு இடத்தில் புள்ளி வைத்துத் தப்பிப்பார்கள், இன்னொரு இடத்தில் கண்ணன் என்பதையே இரண்டு முறை அடிப்பார்கள். கடைசியில் அட்மிஷன் லெட்டரில் ஒரு பெயர், பிளாக்டு அக்கவுண்ட்டில் (அங்கே தங்கும் செலவை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் எடுக்கிற கணக்கு) ஒரு பெயர், விசா ஃபாரத்தில் இன்னொரு பெயர்.

இதற்கு வழி, பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ போட்டு இனிஷியலை விரித்துவிடுவது: கிவன் நேம் கண்ணன், சர்நேம் முருகேசன். 36 பக்க புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. சேலம் அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே வேலை முடியும். ஆனால் வேறு எந்த விண்ணப்பக் கணக்கையும் திறப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ரீஇஷ்யூவில் பாஸ்போர்ட் நம்பரே மாறிவிடும். பழைய நம்பரில் பதிந்தவற்றை எல்லாம் மெயில் அனுப்பி அனுப்பித்தான் மாற்ற வேண்டியிருக்கும். மார்க் ஷீட்டில் உள்ள இனிஷியலை அப்படியே விடலாம், அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. அப்பா பெயர் ஒன்றில் ‘எஸ்’, மற்றொன்றில் ‘எஸ்ஹெச்’ என்று ஸ்பெல்லிங் மாறியிருந்தால் மட்டும், இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஆங்கிலத்தில் ஒரு அஃபிடவிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது நம் படிப்புச் சான்றுகள் உண்மைதான் என்று டெல்லியில் உள்ள ஜெர்மன் அலுவலகம் சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களின் விசாவுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். ஆன்லைனில் பதிந்து, ஃபாரத்தை பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, நகல்களோடு டெல்லிக்கு கூரியர் செய்ய வேண்டும். அசலை அனுப்பாதீர்கள். தாமதம் பெரும்பாலும் டெல்லியில் நடப்பதில்லை. சான்றிதழ் உண்மையா என்று கேட்டு அவர்கள் எழுதும்போது, பதில் சொல்ல வேண்டிய இடம் நம் ஊரில் இருக்கிறது. கலைக் கல்லூரி என்றால் பெரியார் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு. இன்ஜினியரிங் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரியில் கொஞ்சம் சிக்கல்: மார்க் ஷீட் கொடுப்பது கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். ‘இப்படி ஒரு மெயில் வரும்’ என்று அந்த அலுவலகத்தில் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் வாரக்கணக்கில் மிச்சமாகும்.

ஃபைல் திரும்பி வருவதற்கு இரண்டு காரணங்களை அடிக்கடி பார்க்கிறோம். ஒன்று, அரியர் எழுதி பாஸான செமஸ்டரின் மார்க் ஷீட்டை மறைத்துவிட்டு கன்சாலிடேட்டட் ஷீட்டை மட்டும் வைப்பது. அரியர் இருந்ததால் யாரும் கதவைச் சாத்திவிடுவதில்லை, ஆனால் ஷீட் விடுபட்டால் ஃபைல் நின்றுவிடும். இரண்டாவது, மார்க் ஷீட்டின் பின்பக்கத்தை ஸ்கேன் எடுக்காமல் விடுவது. பின்பக்கத்தில்தான் கிரேடு அட்டவணை அச்சாகியிருக்கும். அந்த ஒரு பக்கத்தால் உங்கள் தலையெழுத்தே மாறக்கூடும். எப்படி என்று பாருங்கள்.

ஜெர்மனியில் 1.0 தான் முதல் மார்க், 4.0 வெறும் பாஸ். நம் சிஜிபிஏவை மாற்ற பவேரிய ஃபார்முலா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: உச்ச மதிப்பிலிருந்து நீங்கள் வாங்கியதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் பாஸ் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். சிஜிபிஏ 8.2 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ் மதிப்பு 5 என்றால் வருவது 2.08. பாஸ் மதிப்பு 6 என்றால் அதே 8.2, 2.35 ஆகிவிடும். கட்-ஆஃப் 2.3 வைத்திருக்கிற கோர்ஸில் முதல் ஆள் உள்ளே, இரண்டாம் ஆள் வெளியே. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் பாஸுக்கான கடைசி கிரேடு 6, 2021 ரெகுலேஷனில் அது 5. சீனியர் சொன்ன கணக்கை அப்படியே நம்பக் கூடாது என்பது இதனால்தான். உங்கள் பின்பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை வைத்துப் போடுங்கள்.

மார்க் நன்றாக இருந்தும் ரிஜெக்ட் ஆனால் சந்தேகப்பட வேண்டியது ஈசிடிஎஸ், அதாவது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கிரெடிட் கணக்கு. ‘கணிதத்தில் இத்தனை ஈசிடிஎஸ் இருக்க வேண்டும்’ என்று கோர்ஸ் பக்கத்தில் ஒரு வரி இருக்கும், அதைத் தாண்டிப் படித்துவிடுவோம். அங்கே ஒரு வருடத்துக்கு 60, நான்கு வருடத்துக்கு 240. நம் பி.இ.யில் மொத்தம் சுமார் 165 கிரெடிட் என்றால், நம் ஒரு கிரெடிட் தோராயமாக ஒன்றரை ஈசிடிஎஸ். 4 கிரெடிட் கணித பேப்பர் நான்கு படித்திருந்தால் 23 அல்லது 24 வரும். அவர்கள் கேட்பது 20 என்றால் தாராளமாகப் போதும், 30 என்றால் விண்ணப்பக் காசு வீண். சிலபஸை பேப்பர்வாரியாக ஒரே பிடிஎஃப் ஆக்கி, எந்த பேப்பர் எந்தத் தேவைக்கு என்று ஓர் அட்டவணை போட்டு முன்னால் வையுங்கள். தேர்வு செய்கிறவர் உங்கள் சிலபஸுக்குள் புகுந்து தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற யூனி-அசிஸ்ட் வழியாகப் போகும் விண்ணப்பங்களுக்கு முதல் பல்கலைக்கழகத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. காசு போய்ச் சேர்ந்த பிறகுதான் ஃபைலைத் திறப்பார்கள், அதற்குப் பிறகும் நான்கு முதல் ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 என்று பொதுவாகச் சொல்வார்கள். வெளிநாட்டவருக்கு மே 31 அல்லது அதற்கும் முன்பே மூடிவிடுகிற கோர்ஸ்கள் நிறைய. எட்டாம் செமஸ்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் வண்டி போய்விடும். ஏழு செமஸ்டர் மார்க்கோடு அப்ளை செய்து, ப்ரொவிஷனல் வந்ததும் சேர்க்கலாம். அரசுப் பல்கலைக்கழகம் என்றாலே இலவசம் என்றும் நினைக்க வேண்டாம். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து வெளிநாட்டவரிடம் ஃபீஸ் வாங்குகிறது. பேர்லேண்ட்ஸ் பக்கம் போர்டு மாட்டியிருக்கிற கன்சல்டன்சிகளில் இதையெல்லாம் கேட்டால், பேச்சு எப்படியோ தனியார் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிடும். கமிஷன் அங்கேதான்.

இனி பணம். ‘ஏற்காட்டில் காப்பித் தோட்டம் இருக்கிறது, லோனுக்கு என்ன கவலை’ என்பார்கள். கவலைப்பட வேண்டியதே அங்கேதான். 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் பொதுத்துறை வங்கி பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். விவசாய நிலத்தை, 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. கடன் திரும்பாவிட்டால் அந்தச் சட்டத்தின்படி வங்கி அதில் கை வைக்க முடியாது. அதனால் தோட்டத்தின் மதிப்பு கோடி ரூபாயானாலும் மேனேஜர் உதட்டைப் பிதுக்குவார். அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா என்றால் இன்னும் கஷ்டம். அங்கீகாரம் பெற்ற மனை அல்லது கட்டிய வீடு, அஸ்தம்பட்டியிலோ ஓமலூரிலோ சின்னதாக இருந்தாலும், அதுதான் செல்லும்.

வங்கி கேட்பவை: கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி பிளான், வீட்டு வரி ரசீது. வங்கியின் வக்கீல் லீகல் ஒப்பீனியன் தருவார், இன்ஜினியர் வந்து மதிப்புப் போடுவார், இரண்டுக்கும் செலவு நம்முடையது. வீடு தாத்தா பெயரிலேயே இருந்து அவர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்று வேண்டும், அத்தைமார்களிடம் விடுதலைப் பத்திரம் வேண்டும், பிறகு பட்டா மாற்ற வேண்டும். நோட்டீஸ் போட்டுக் கூப்பிட்டால் அத்தை வர மாட்டார், வெற்றிலை பாக்கோடு போய்க் கேட்க வேண்டிய காரியம் இது. அட்மிஷன் வந்த பிறகு ஆரம்பித்தால், குளிர்கால செமஸ்டர் தொடங்கும் அக்டோபருக்குள் முடியாது. விண்ணப்பிக்கும்போதே பத்திரத்தைத் தூசி தட்டுங்கள்.

பிளாக்டு அக்கவுண்ட்டில் போட வேண்டியது 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ, அதாவது மாதம் 992 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு. அனுப்பும்போது வங்கியில் நிரப்பும் ஏ2 என்ற வெளிநாட்டுப் பண ஃபாரத்தில் வெளிநாட்டு வங்கிச் சார்ஜையும் நாமே ஏற்பதாகக் குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வழியில் இருபது முப்பது யூரோவைப் பிடித்துக்கொள்வார்கள், கணக்கில் தொகை குறையும், கன்ஃபர்மேஷன் லெட்டர் வராது. அந்த இருபது யூரோவை மறுபடி அனுப்ப இன்னொரு முறை சார்ஜ் கட்ட வேண்டும். கல்விக்கடனிலிருந்து அனுப்பினால் டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி பிடிக்கிற வரி) இல்லை. சொந்தப் பணம் என்றால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டுகிற தொகைக்கு மட்டும் பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சின்னக் கிளைகளில் ஃபாரெக்ஸ் வேலை நடக்காது, மெயின் பிராஞ்சுக்கு ஃபைல் போய் வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

விசா கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்ட வேண்டும். ஆன்லைனில் ஆவணங்களை ஏற்றி, விசா விண்ணப்பங்களை வாங்குகிற சென்னை விஎஃப்எஸ் மையத்தில் நேரில் கைரேகை கொடுக்க வேண்டும். காலை அப்பாயின்ட்மென்ட் என்றால் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் வசதி. 2025 ஜூலை 1 முதல், மறுத்த முடிவைத் தூதரகத்திடமே மேல்முறையீடு செய்யும் வழியை எடுத்துவிட்டார்கள். மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லை பெர்லினில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆகவே குறையுள்ள ஃபைலை ‘போட்டுப் பார்ப்போம்’ என்று அனுப்பாதீர்கள்.

பாஸ்போர்ட் திரும்பி வர கூரியர் முகவரியாக மலை மேல் எஸ்டேட்டைக் கொடுக்காமல் கீழே டவுனில் இருக்கிற உறவினர் வீட்டைக் கொடுங்கள். கவரைப் பிரித்ததும் விசா ஸ்டிக்கரில் பெயர், பாஸ்போர்ட் நம்பர், எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற மூன்றையும் சரிபாருங்கள். தவறு இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.