வந்தவர் வராதவரான கதை: ஒரு பணியிடைப் பயிற்சி அனுபவம்

பணியிடைப் பயிற்சியில் முதல் அமர்விலிருந்து கடைசி அமர்வு வரை உட்கார்ந்திருந்த ஓர் ஆசிரியரிடம், 'பயிற்சியில் கலந்துகொள்ளாமைக்கான விளக்கத்தை உடனடியாகச் சமர்ப்பிக்கவும்' என்ற கடிதத்தைத் தலைமையாசிரியர் நீட்டினால் சிரிப்புத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்தச் சிரிப்பு கல்வி அலுவலகத்தின் முதல் மேசையைத் தாண்டவில்லை.

எண்ணும் எழுத்தும் பயிற்சி எப்படி நடக்கும் என்பது தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அறிந்ததே. தமிழ்நாட்டின் பள்ளிக் குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் உறுதிசெய்ய, 2022-23 இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்த திட்டம் அது. மாநில அளவில் பயிற்சி பெற்ற கருத்தாளர்கள், அதாவது பிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவர்கள், மாவட்டத்துக்கும், அங்கே பயின்றவர்கள் ஒன்றியத்துக்கும் அதைக் கொண்டுவருவார்கள். ஒன்றியத்தின் ஆசிரியர்கள் அனைவரும் ஒரே கூடத்தில் அடங்கமாட்டார்கள் என்பதால் எங்களை இரண்டு மையங்களாகப் பிரித்திருந்தார்கள். என் பெயர் முதல் மையத்தின் பட்டியலில் இருந்தது. பயிற்சிக்கு முந்தைய மாலையில், இடநெருக்கடி காரணமாக எங்கள் குறுவள மையத்தை (அருகருகே உள்ள பள்ளிகளின் குழுவை) சேர்ந்த சிலர் இரண்டாம் மையத்துக்குச் செல்ல வேண்டும் என்று வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. சென்றோம். பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கென்று ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, பெயர், பள்ளி, கையொப்பம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பயிற்சி நன்றாகவே நடந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மாற்றி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் பின்னர் திருத்திய பட்டியலில் ஏறிவிட்டன. என் பெயரும் இன்னோர் ஆசிரியரின் பெயரும் மட்டும் ஏறவில்லை. விளைவு, முதல் மையத்தின் பதிவில் நாங்கள் இருவரும் 'வருகை புரியாதோர்'. இரண்டாம் மையத்தின் பதிவிலோ நாங்கள் இல்லவே இல்லை.

முதல் மையத்தின் பொறுப்பாளரிடம் கேட்டபோது, "நீங்கள் இங்கே வரவில்லையே டீச்சர், வராதவருக்கு வரவில்லை என்றுதானே போட முடியும்?" என்றார். உண்மை. இரண்டாம் மையத்தின் பொறுப்பாளரிடம் கேட்டபோது, "உங்கள் பெயர் என் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாதவருக்கு நான் எப்படி வருகைச் சான்று தருவேன்?" என்றார். அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கும் நடுவே நான் நின்றுகொண்டிருந்தேன். கல்வி அலுவலகத்தின் பிரிவு உதவியாளர், இருவரில் யாராவது ஒருவர் எழுத்தில் கொடுத்தால் மட்டுமே கோப்பைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார். வாட்ஸாப் செய்தியைக் காட்டியபோது அவர் கைப்பேசியைப் பார்க்கவே இல்லை. அலுவலக ஆணைக்கு உரிய 'செயல்முறைகள்' என்ற தலைப்பிட்டு, நாளும் எண்ணும் இட்டு வராத எதுவும் அந்த மேசையில் ஆவணம் ஆகாது.

என்னைப் போலவே சிக்கிக்கொண்ட அந்த இன்னோர் ஆசிரியர், அலைச்சலுக்குப் பயந்து, அந்த நாள்களைத் தற்செயல் விடுப்பாகக் கழித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். ஆண்டுக்கு 12 நாள் மட்டுமே இருக்கும் தற்செயல் விடுப்பு குறைகிறது என்பது சிறிய நட்டம். பயிற்சிக்குப் போகவில்லை என்று நாமே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டதாகிறது என்பதுதான் பெரிய நட்டம். பின்னாளில் யாராவது பயிற்சி விவரங்களைத் தொகுக்கும்போது அந்தக் கடிதம்தான் பேசும். அதோடு, பயிற்சி விடுமுறை நாளில் அமைந்து ஈடுசெய் விடுப்புக்கு இடம் இருந்திருந்தால், அதையும் சேர்த்தே விட்டுக்கொடுத்ததாக ஆகும்.

நான் விளக்கக் கடிதத்தில் 'கலந்துகொள்ளவில்லை' என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. 'மைய மாற்றத்தின்படி இரண்டாம் மையத்தில் கலந்துகொண்டேன். வருகைப் பதிவைத் திருத்தி ஆணையிட வேண்டுகிறேன்' என்று தொடங்கி, பள்ளியின் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் அந்த நாள்களுக்கு எதிரே தலைமையாசிரியர் 'பயிற்சி' என்று எழுதியிருந்த பக்கத்தின் நகலையும், பயிற்சிக்கு என்னை விடுவித்த கடிதத்தின் நகலையும் இணைத்தேன். எங்கள் தலைமையாசிரியர் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் யாரையும் பயிற்சிக்கு அனுப்பமாட்டார். இந்தக் காலத்தில் எதற்கு இத்தனை தாள் என்று பணியாளர் அறையில் நாங்கள் முணுமுணுப்பதுண்டு; இனி முணுமுணுக்கமாட்டேன்.

இவையெல்லாம் நான் பள்ளியில் இல்லை என்பதைத்தான் காட்டின. பயிற்சியில் இருந்தேன் என்பதைக் காட்ட அந்த வெள்ளைத்தாள் வேண்டும். வருகைக் கோப்பில் அது இல்லை. கருத்தாளராக வந்திருந்த ஆசிரியரைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது அவர்தான் ஒரு வழி சொன்னார்: "வருகைக் கோப்பில் தேடாதீர்கள், செலவுக் கோப்பில் தேடுங்கள்." பயிற்சியில் தேநீருக்கும் மதிய உணவுக்கும் ஆகும் செலவைத் தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்குக் காட்ட வேண்டும், உண்டவர்களின் கையொப்பம் இல்லாமல் பற்றுச்சீட்டு தணிக்கையில் நிற்காது. அப்படியென்றால் கூடுதலாக வந்தவர்களின் கையொப்பத்தை யாரும் தூக்கி எறிந்திருக்க முடியாது. அவர் சொன்னபடியே, செலவுச் சீட்டுகளுக்குப் பின்னால் குண்டூசியில் குத்தப்பட்டு அந்தத் தாள் பத்திரமாக இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் என் கையொப்பம் இருந்தது. நாங்கள் என்ன கற்றோம் என்பதைவிட என்ன சாப்பிட்டோம் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் சற்றுக் கசப்பாகவே இருக்கிறது. ஆனாலும் அன்று அந்தத் தாளைக் கண்டபோது எழுந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

அந்தத் தாளின் நகலில் மையப் பொறுப்பாளரின் மேலொப்பம் கிடைத்த பிறகு மற்றவை தாமாக நகர்ந்தன.

இந்த அனுபவத்துக்குப் பிறகு இணையவழிப் பயிற்சிகளின் சான்றுகளையும் ஒருமுறை சரிபார்க்க உட்கார்ந்தேன். ஆசிரியர்களுக்காக மத்திய அரசு 2019 இல் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கிய நிஷ்தா, பெருந்தொற்றுக் காலமான 2020 இல் தீக்‌ஷா என்னும் இணையக் கல்வித் தளத்துக்கு மாறியது முதல், ஆள் வந்தாரா இல்லையா என்ற சண்டை இல்லை. ஆனால் வேறு சண்டைகள் உண்டு. சான்றிதழில் அச்சாகும் பெயர், கணக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே வரும். முதலெழுத்து பணிப்பதிவேட்டில் பெயருக்கு முன்னாலும் சான்றிதழில் பின்னாலும் இருந்தால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கும் ஒரு பிரிவு உதவியாளருக்கு அதுவே போதும். ஆகவே படிப்பில் சேருவதற்கு முன்பே பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள். துறை வழங்கிய உள்நுழைவு ஒன்றும், சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கு ஒன்றும் வைத்திருப்பவர்கள், எதில் படிக்கிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் பாதிச் சான்றிதழ்கள் ஒன்றிலும் மீதி மற்றொன்றிலும் கிடக்கும். இறுதி மதிப்பீட்டில் 70 விழுக்காடு பெற்றால்தான் சான்றிதழ், அதற்கும் மூன்று வாய்ப்புகள்தாம். காணொலிகளை ஓடவிட்டுவிட்டு மதிப்பீட்டில் ஊகித்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் இதை மனத்தில் வைக்க வேண்டும். படிப்புக்கு முடிவுத் தேதி உண்டு என்பதால், கைப்பேசியில் படித்தது தளத்தில் ஏறிவிட்டதா என்பதைக் கடைசி நாள் வரை தள்ளாமல் பார்த்துவிடுங்கள். சான்றிதழ் வந்த அன்றே இறக்கி, ஒரு நகலைத் தலைமையாசிரியரிடமும் கொடுத்துவிடுங்கள்.

நேரடிப் பயிற்சிக்கு என் பக்கத்திலிருந்து ஒரே ஒரு யோசனை. மையம் வாய்மொழியாக மாற்றப்பட்டால், முதல் நாள் காலையிலேயே புதிய மையத்தின் பொறுப்பாளரிடம் 'இன்னாரின் மையம் மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அவர் தயங்கினால், நீங்களே எழுதி, அவரிடம் 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் கையொப்பம் கேளுங்கள். அதற்கு யாரும் மறுப்பதில்லை.

இப்போது என் வருகைப் பதிவு திருத்தப்பட்டுவிட்டது. விளக்கம் கேட்ட கடிதத்தை ரத்து செய்து எழுத்தில் தருமாறு கேட்டேன். அப்படித் தரும் வழக்கம் இல்லை என்று பிரிவு உதவியாளர் சொன்னார். வழக்கம் இல்லாவிட்டால் பரவாயில்லை, என் விளக்கக் கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் பெற்ற தேதியும் போட்டுக்கொடுங்கள் என்றேன். போட்டுக்கொடுத்தார். வெள்ளைத்தாளின் நகலையும் அதனோடு சேர்த்துத் தைத்து என் கோப்பில் வைத்திருக்கிறேன்.