மாமா பொறுக்கிய சிராய்

போர்ட் பிளேரில் என் மாமா தச்சு வேலை செய்கிறார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சென்னையில் கப்பல் ஏறியவர், அங்கேயே தங்கிவிட்டார். படாக் மரத்தில் கட்டிலும் பீரோவும் செய்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினார். நம் ஊர் வேங்கைக்கு உறவு அந்த மரம். இழைத்தால் செக்கச்செவேல் என்று வரும்.

போன பிப்ரவரியில் அவரைப் பார்க்கப் போனேன். அந்தமான் மரங்கொத்தியைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவோடுதான் போனேன். உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தில் இருந்த எட்வர்ட் பிளைத், 1860-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதன் பங்காளி ஒன்று உண்டு, அதற்கு வயிறு வெள்ளை. இதற்கு அதுவும் கிடையாது. தலைச் சிவப்பு போக மற்றதெல்லாம் கரி.

இருட்டோடு ஸ்கூட்டரில் சிடியா டாப்புக்குக் கிளம்பினோம். காட்டுக்குள் ஒரு மணி நேரம் அண்ணாந்தே நடந்தேன், ஒன்றும் தென்படவில்லை. மாமா தரையைப் பார்த்து நடந்தவர், பட்டுப்போன பெரிய மரம் ஒன்றின் அடியில் உட்கார்ந்துவிட்டார். கையில் விரல் நீளச் சிராய்.

"உளி போட்ட மாதிரி இருக்கு பாரு மாப்ள. வெட்டு வாய் இன்னும் வெளுப்பாவே இருக்கு. இப்ப விழுந்ததுதான்."

மேலே பார்த்தேன். முப்பது அடி உயரத்தில் ஒரு பொந்து. சற்று நேரத்தில் அதிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நெற்றியிலிருந்தே சிவப்பு, கன்னத்தில் மீசை போல இன்னொரு சிவப்புக் கோடு. அப்படியானால் ஆண். பெட்டைக்கு நெற்றி கருப்பு, மீசையும் இல்லை. அலகு நிறைய மரத்தூளை அள்ளி வெளியே உதறிவிட்டு உள்ளே போகும், மறுபடி வரும், உதறும். எங்கள் தோளிலெல்லாம் தூள். அப்புறம் வெளியே வந்து, வாலை மரத்தில் ஊன்றி, மூன்றாவது கால் மாதிரி அதன்மேல் சாய்ந்து நின்றது.

பட்டமரம்தானே என்று வெட்டிவிடுவது நம் வழக்கம். தயவுசெய்து காட்டிலாவது அதை நிற்க விடுங்கள். இவ்வளவு பெரிய பறவை குடும்பம் நடத்தப் பருத்த மரம் வேண்டும். 1883-இல் போர்ட் பிளேரை ஒட்டிய சாத்தம் தீவில் மர ஆலை வந்த நாளிலிருந்து அந்தமானில் பெருமரங்களைத்தான் முதலில் சாய்த்தார்கள். மரங்கொத்தி விட்டுப்போகும் பொந்தில்தான், தானாகக் குடையத் தெரியாத கிளியும் மைனாவும் ஆந்தையும் குடியேறும். ஒரு மரம் போனால் எத்தனை வீடு போகிறது!

திரும்பும்போது மாமா வெகுதூரம் பேசவே இல்லை. ஊர் நெருங்கியதும் கேட்டார்:

"அது உளிய எப்ப மாப்ள தீட்டும்?"

"தீட்ட வேண்டாம் மாமா. கொத்தக் கொத்தத் தேயும், தேயத் தேய வளரும்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிராய் அதில்தான் இருந்தது.