எங்கள் அச்சகச் சுவரில் 48 சீட்டுகள்

மட்டக்களப்பு டவுனில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலைகளை மேற்பார்வை செய்கிறேன். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், பாடசாலைப் பரீட்சைத்தாள், கடைகளுக்கும் நெல் ஆலைகளுக்கும் பில் புத்தகம், வருடக் கடைசியில் கலண்டர், இவைதான் எங்கள் வேலை. ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டி, வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக நகர்த்துகிற கான்பான் முறையை இங்கே கொண்டுவர இரண்டு தடவை முயன்றேன். முதல் தடவை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, இரண்டாவது தடவை தொடங்கி இது நான்காவது வருடம்.

முதல் தடவை நான் செய்தது இதுதான். ஒரு திங்கட்கிழமை காலை எல்லோரும் வருவதற்கு முன்பே ராக்கைகளை மாற்றி அடுக்கி, மைத் தகரங்களுக்கு லேபல் ஒட்டி, வெள்ளைப்பலகையில் ஏழு கட்டம் கீறி, தினமும் எட்டு மணிக்கு நின்றபடி கூட்டம் என்று அறிவித்தேன். வேலையிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கிற ஜப்பானிய முறையான ஐந்து எஸ் என்ற பெயர் எங்கள் நாட்டில் புதிதில்லை. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டளவில் அதைச் செய்து காட்டிய பிறகு எத்தனையோ அரச கந்தோர்களின் சுவர்களில் அது ஏறிவிட்டது, அதனால் எல்லோருக்கும் தானாகப் புரியும் என்று நம்பினேன். இரண்டாம் கிழமையே சீட்டுகளை நகர்த்த ஆளில்லை. பின்னேரத்தில் நான் மட்டும் நின்று, யார் எதை முடித்தார்கள் என்று விசாரித்து விசாரித்து நகர்த்திக்கொண்டிருந்தேன். அப்போது ஓப்செட் மெசின் ஓட்டும் அண்ணன் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்: “தம்பி, இதுல என்ட வேலை எங்க கிடக்கு? மெசினக் கழுவுறதுக்கு ஒரு சீட்டும் இல்லையே.” இருபது வருடத்துக்கு மேல் அந்த மெசினோடு நிற்கிற மனிதர். அவருடைய மைக் கத்தி வழக்கமாக இருக்கும் இடத்தை நான் அவரிடம் கேட்காமலே மாற்றியிருந்தேன். பலகையை அந்தக் கிழமையே கழற்றிவிட்டேன்.

மறுகா ஒரு வருடம் அதைப் பற்றி நான் பேசவில்லை, வாசித்தேன். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ இந்த முறையை வளர்த்தபோது, அமெரிக்க சுப்பர்மார்க்கெட்டுகளில் வாங்குகிறவர் எடுத்த அளவுக்கு மட்டும் தட்டை நிரப்புகிறார்களே, அதிலிருந்துதான் யோசனை எடுத்தார். முன்னே உள்ளவர் கேட்டால்தான் பின்னே உள்ளவர் செய்வார், கேட்பதற்கு ஒரு அட்டை, அந்த அட்டைதான் கான்பான். இதை மென்பொருள் போன்ற வேலைகளுக்குக் கொண்டுவந்தவர் டேவிட் ஆண்டர்சன். 2004இல் மைக்ரோசொப்டின் ஒரு பராமரிப்புக் குழுவோடு அவர் தொடங்கினார், அந்தக் குழு இருந்தது ஹைதராபாத்தில். அவர் சொன்ன அடிப்படை விதிகளை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இப்போது எப்படி வேலை செய்கிறீர்களோ அதிலிருந்தே தொடங்குங்கள், இருக்கிற பதவிகளையும் பொறுப்புகளையும் மதித்து வையுங்கள், மாற்றம் சிறிது சிறிதாக வரட்டும். நான் அந்தத் திங்கட்கிழமை செய்தது ஒவ்வொன்றும் இதற்கு நேர்மாறு.

இரண்டாவது தடவை எதையும் மாற்ற மாட்டேன் என்று சொல்லித்தான் தொடங்கினேன். ஒரு மாதம், நடக்கிறது நடக்கிறபடியே சீட்டில் ஏறவேண்டும், அவ்வளவுதான். கட்டங்களின் பெயர்களையும் அவர்களே சொன்னார்கள்: வந்தது, டைப் ஆகுது, புரூப் போயிருக்கு, பிளேட், மெசின், பைண்டிங், ஆள் வரவேணும். மெசின் கட்டத்துக்கு நடுவில் ஒரு நீலச் சீட்டு, ‘கழுவுறது’.

மாதக் கடைசியில் எல்லோரும் நின்று எண்ணினோம். சுவரில் 48 வேலை. நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு வேலை முடித்துக் கொடுக்கிறோம். அப்படியானால் இன்று வருகிற ஒரு கல்யாணக் கார்ட் சராசரியாக 12 வேலைநாள் எங்களிடம் கிடக்கும், இது 1961இல் ஜோன் லிட்டில் நிரூபித்த கணக்கு, கையிலிருக்கிற வேலையை முடிக்கிற வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் காலம் வந்துவிடும். நாங்களோ வருகிற எல்லோரிடமும் “ஒரு கிழமையில வாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். காசாளர் தங்கச்சிதான் முதலில் வாயைத் திறந்தார், “அப்ப தினமும் கவுண்டரில நான் பொய்தான் சொல்லிட்டிருக்கன்.” அவருடைய முகத்தை நான் மறக்கவில்லை. ஆட்கள் வந்து ஏசுவது அவரைத்தான், தாமதத்துக்குக் காரணமோ உள்ளே இருந்தது.

48இல் 19 சீட்டு ‘புரூப் போயிருக்கு’ கட்டத்தில் நின்றது. கல்யாணக் கார்ட் புரூப்பை ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், களுவாஞ்சிக்குடியில் இருக்கிற மாமா பார்க்கவேண்டும், பெயருக்கு முன்னால் எழுத்துச் சரியா, முகூர்த்த நேரம் சரியா என்று. அது நியாயம்தான். ஆனால் அவர்கள் வரும்வரை டிசைன் செய்கிற தம்பி சும்மா இருக்கக்கூடாது என்று நாங்கள் புதுப்புது வேலைகளைத் தொடங்கிக் கொடுத்திருக்கிறோம், அதில் பாதி ஓடர் உறுதியாகாதவர்களுக்கு இலவசமாகச் செய்துகாட்டுகிற மாதிரி டிசைன்கள். ஹைதராபாத் குழுவும் இதே இடத்தில்தான் மாட்டியிருந்தது, செய்யவேண்டிய வேலையை விட்டுவிட்டு, வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு நாள் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதில் அவர்களுடைய நேரம் போய்க்கொண்டிருந்தது, அதை நிறுத்தியதும் வேலை நகரத் தொடங்கியது.

எங்கள் புரூப் கட்டத்துக்கு மட்டும் 10 சீட்டு என்று எல்லை போட்டோம். பத்து நிறைந்தால் புதிது தொடங்கக்கூடாது, ஏற்கெனவே போனவர்களுக்குப் போன் எடுக்கவேண்டும். கேட்கச் சின்ன விசயம்தான், ஆனால் முதல் கிழமைகளில் இதைவிடக் கஷ்டமானது எதுவும் இருக்கவில்லை. ஒரு ஆள் மேசையில் வேலையில்லாமல் போனோடு இருக்கிறதைப் பார்க்கிற முதலாளிக்கு மனசு பொறுக்காது, அவருடைய பணம், அவருடைய பதற்றம், அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மூன்று மாதம் பொறுத்துத் தாருங்கள் என்று கேட்டேன், தந்தார். சுவரில் 24 அளவில் சீட்டு நிற்கத் தொடங்கியபோது, அதே நான்கு வேலை வேகத்தில், ஒரு கிழமை என்று தங்கச்சி சொன்ன சொல் உண்மையாகிவிட்டது. யாரும் கூடுதலாக ஓடவில்லை, ஓவர்டைம்கூட இல்லை.

எல்லையை உடைத்த நாட்களும் உண்டு. ஆடி அமாவாசைக்கு முன், மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாக் காலத்தில் வருகிற நோட்டீஸ்களுக்கு யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு வருடம் இருபது வேலையை மேலதிகமாக உள்ளே எடுத்தோம், சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்குச் சிறுபோக அறுவடைக்கு வேண்டிய பில் புத்தகம் பிந்திவிட்டது, ஆலை நானா போனில் எதுவும் ஏசாமல் “சரி” என்று மட்டும் சொல்லி வைத்தார், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. இப்போது ஆடிக்கென்று நான்கு இடத்தை ஆனி மாதமே காலியாக விட்டுவிடுகிறோம்.

லீன், அதாவது வீணைக் குறைத்து வேலை செய்கிற டொயோட்டா வழி, என்றதும் கையிருப்பே கூடாது என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்த நாடு இது. 2011 பூமியதிர்ச்சிக்குப் பிறகு டொயோட்டாவே தன் விநியோகத்தர்களை மின்னணுச் சிப்புகளைச் சேர்த்து வைக்கச் சொன்னது. எங்கள் ராக்கையில் கடதாசி ரீம்களுக்கு நடுவே ஒரு சிவப்பு அட்டை வைத்திருக்கிறோம், எடுக்கிறவர் கையில் அட்டை வந்தால் அதைக் கவுண்டரில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், உடனே கொழும்புக்கு ஓடர் போகும். அட்டைக்குக் கீழே எத்தனை ரீம் என்பதை லொறி வந்துசேர எத்தனை நாள் எடுக்கிறது என்று பார்த்துத் தீர்மானிக்கிறோம். கார்த்திகை மார்கழி மழையில் அட்டையை மேலே ஏற்றி வைப்போம், தேவைப்பட்டால் சித்திரையில் இறக்குவோம்.

மூன்றாவது வருடத்தில்தான், மாற்றங்களுக்கும் எல்லை வேண்டும் என்று எனக்கு உறைத்தது. பலகை நன்றாக ஓடத் தொடங்கியதும் பழைய ஆள் எனக்குள் எழும்பிவிட்டார், புது விலைப்பட்டியல், புது மேசை ஒழுங்கு, வட்ஸ்அப்பில் புரூப், எல்லாவற்றையும் ஒரே மாதத்தில். ஆட்களின் முகம் மறுபடி மூடத் தொடங்கியதைக் கண்டதும் நிறுத்தினேன். இப்போது பலகையின் அடியில் மஞ்சள் சீட்டுக்கு இரண்டே இடம். ஒரு மாற்றம் பழகி முடிந்தால், அல்லது சரிவராது என்று எல்லோரும் கழற்றினால்தான் அடுத்தது ஏறும். வட்ஸ்அப் புரூப் இரண்டு தடவை ஏறி இறங்கியது, குரல் பதிவில் “ஓகே” சொன்னவர் பிறகு பெயர் பிழை என்று வந்து நின்றதால். மூன்றாம் தடவை, பெயர்களையும் திகதியையும் அவர்களே திருப்பி டைப் பண்ணி அனுப்பவேண்டும் என்று டிசைன் தம்பி கண்டுபிடித்த பிறகு நிலைத்தது.

போன மாதம் ஒரு இடம் காலியாக இருந்தது. காலையில் வந்து பார்த்தால் மெசின் அண்ணனின் கையெழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டு, நான்கு வருடத்தில் அவர் எழுதிய முதலாவது: “சிவப்பு மை வேலை எல்லாம் பின்னேரம் கடைசியா போடுவம். ஒரு கழுவல் மிச்சம்.” சிவப்பு வேலை பின்னேரம் வரைக்கும் காத்திருக்குமே என்று பைண்டிங் அக்கா உடனே மறுத்தார், இருவரும் பலகைக்கு முன்னால் நின்று பத்து நிமிடம் கதைத்தார்கள். இரண்டு கிழமை செய்துபார்த்து நீலச் சீட்டுகளை எண்ணுவோம் என்று முடிவு. வருகிற சனிக்கிழமையோடு அது முடிகிறது.